மருத்துவக் கல்லூரியும் மன அழுத்தமும்: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். படித்தவன் நான். இப்போது வேறொரு அரசுக் கல்லூரியில் பிசியாலஜி துறையில் பாடம் எடுக்கிறேன். வருடாவருடம் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரத்தில் மாணவர்கள் அறைக்கு வருவார்கள், பெற்றோர் போன் செய்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைத்தால் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது.

நிறுவனத்தால் வரும் அழுத்தம் என்று தனியாக ஒன்று உண்டா? மருத்துவப் படிப்பே கஷ்டம்தானே?

கஷ்டம்தான். கழுத்தில் கிளம்பும் ஒரு நரம்பு விரல்நுனி வரை எந்தெந்தத் தசைக்குக் கிளை கொடுக்கிறது என்று படிப்பதை எந்தக் கல்லூரியாலும் சுலபமாக்க முடியாது. முதன்முதலாக ஒரு சடலத்தின் முன் நிற்பதும், நேற்று நம்மிடம் பேசிக்கொண்டிருந்த நோயாளியின் கட்டில் இன்று காலியாக இருப்பதும் இந்தத் தொழிலோடு வருபவை. இவற்றை நான் கல்லூரியின் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் இன்டர்னல் தேர்வின் தேதியை இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் அறிவிப்பதற்கும் படிப்பின் கடினத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெக்கார்டு நோட்டில் ஒரு படம் சரியில்லை என்று மொத்தத்தையும் திரும்ப எழுதச் சொல்வது, விடுப்புக் கடிதத்தில் ஒரு கையெழுத்துக்காக மூன்று அறை வாசலில் நிற்க வைப்பது, மதிப்பெண்களைப் பெயரோடு வகுப்பில் உரக்கப் படிப்பது எல்லாம் அப்படித்தான். யாரோ ஒருவர் போட்ட ஏற்பாடு இது. அவர் நினைத்தால் மாற்றலாம். அப்படிப்பட்ட அழுத்தத்தைத்தான் நிறுவன அழுத்தம் என்கிறேன்.

2016-ல் ஜாமா மருத்துவ இதழில் 43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. மருத்துவ மாணவர்களில் 27.2% பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதே கட்டுரையின் இன்னொரு பகுதி. மாணவர்களை, கல்லூரியில் சேரும் முன்பும் படிக்கும்போதும் அளந்து பார்த்த ஒன்பது ஆய்வுகள் அதில் இருந்தன. சேர்ந்த பிறகு, அறிகுறி உள்ளவர்களின் பங்கு இடைநிலையாக 13.5 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. 'இந்தத் தலைமுறை பிள்ளைகளுக்கு மனசுல பலமில்ல' என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த எண்ணைத்தான். பிள்ளைகள் நன்றாகத்தான் வருகிறார்கள். வந்த இடத்தில் ஏதோ நடக்கிறது.

இந்திய மாணவர்களைப் பற்றிய கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்.எம்.சி., மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஒரு பணிக்குழு அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. ஆன்லைனில் நடத்திய கணக்கெடுப்பில் 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களும் 5,337 பி.ஜி. மாணவர்களும் பதில் சொல்லியிருந்தார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8% பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது என்றார்கள். முந்தைய 12 மாதங்களில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 16.2%, பி.ஜி. மாணவர்களில் 31.2%.

தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது. அவதிப்படுபவர்களே அதிகம் பதில் சொல்லியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், பதில் சொன்ன பி.ஜி. மாணவர்களில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. இவர்கள் நம் அரசு மருத்துவமனைகளில் ராத்திரி டூட்டி பார்க்கிறவர்கள்.

முதல் வருடத்திலேயே ஏன் இவ்வளவு அடி விழுகிறது?

பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தவர்கள்தான் வகுப்பில் எல்லோரும். முதல் இன்டர்னலில் பாதிப் பேர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஃபெயில் ஆகிறார்கள். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், தான் ஒருவர்தான் தோற்றதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

சேர்க்கை தாமதம் இன்னொரு காரணம். நீட், கவுன்சலிங், மீதி இடங்களுக்கான சுற்று என்று இழுத்துக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் இடம் கிடைத்த பிள்ளை வந்து சேரும்போது அனாட்டமியில் கை முழுவதும் முடிந்திருக்கும். 2019 பேட்சிலிருந்து நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், மாணவரை இந்தச் சூழலுக்குப் பழக்குவதற்கென்றே தொடக்கத்தில் ஒரு மாத ஃபவுண்டேஷன் கோர்ஸ் வைத்தார்கள். நல்ல யோசனை அது. ஆனால் தாமதமாக வருகிறவர்களுக்கு, அதாவது அது மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கு, அது கிடைப்பதே இல்லை.

இதற்கு மேல் விதிகளின் பயம். 2023 விதிமுறைப்படி முதல் வருடத் தேர்வை நான்கு முயற்சிக்குள் தாண்ட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருடத்துக்குள் மொத்தப் படிப்பையும் முடிக்க வேண்டும். வரம்பு வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் முயற்சியிலும் தவறிய பிள்ளையை அழைத்து உட்கார வைத்து, எந்த இடத்தில் புரியவில்லை என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எந்தத் துறையிலும் எழுதி வைக்கவில்லை. அதுதான் குறை.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். வகுப்பில் ஒன்றும் புரியவில்லை என்று அழுகிறாள். அவளுக்குத் திறமை போதவில்லையா?

இல்லவே இல்லை அம்மா. நானும் தமிழ்வழிதான். பயாலஜியில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டுப் போய் உட்கார்ந்த எனக்கு முதல் இரண்டு மாதம் பேராசிரியர் பேசியது காதில் விழுந்ததே தவிர மனத்தில் ஏறவில்லை. 'சவ்வூடு பரவல்' தெரியும். 'ஆஸ்மாஸிஸ்' என்று அவர் சொன்னபோது அது வேறு ஏதோ என்று நினைத்தேன். தெரிந்த விஷயத்தையே தெரியாதவனைப் போல உட்கார்ந்து கேட்பது எவ்வளவு கூனிக் குறுக வைக்கும் என்பது அந்த இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2020-ல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதனால் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். ஆனால் இடம் கொடுத்ததோடு நம் வேலை முடிந்ததாகப் பல கல்லூரிகள் நினைக்கின்றன. 'ஸ்கூல் கோட்டா' என்ற சொல்லை சக மாணவர்கள் சொல்வதும் உண்டு, வருத்தம் என்னவென்றால் சில ஆசிரியர்களும் சொல்கிறார்கள். ஐந்தரை வருடம் அந்தப் பட்டப்பெயரைச் சுமந்து திரிவது பாடத்தைவிடக் கனமானது.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். மூன்றாம் நான்காம் வருடத்தில் வார்டுக்குப் போவாள். அங்கே ஒரு பாட்டி "நெஞ்சுக் குழியில கரிச்சுக்கிட்டே இருக்கு, ராத்திரியானா மேமூச்சு வாங்குது" என்பார். அதை நுணுக்கமாகக் கேட்டு வாங்குவதில் இந்தப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் பேட்சில் நான் பார்த்தது அது. இப்போதைக்கு, புரியாத சொற்களை ஒரு சிறு நோட்டில் தமிழ் அர்த்தத்தோடு எழுதி வரட்டும். வகுப்புக்கு முந்தின நாள் அந்தப் பாடத்தின் தலைப்புகளை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொண்டால் காது பழகும். நான்கைந்து மாதத்தில் சரியாகிவிடும்.

அட்டெண்டன்ஸ் ஏன் இவ்வளவு பெரிய பயமாக இருக்கிறது?

பல்கலைக்கழகத் தேர்வு எழுத தியரியில் 75 சதவீதமும் பிராக்டிக்கலில் 80 சதவீதமும் வருகை வேண்டும். டாக்டராகப் போகிறவர் வகுப்புக்கு வர வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. சிக்கல் அதைக் கையாளும் முறையில் வருகிறது.

காய்ச்சலோடு வந்து கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக் கிடக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டெங்குவில் பத்து நாள் போனால் அந்தப் பத்து நாளும் போனதுதான். எவ்வளவு குறைகிறது என்ற கணக்கைப் பல துறைகள் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் ஒட்டும். அதற்குள் ஈடுகட்ட வழி இருக்காது. அப்புறம் அப்பாவை ஊரிலிருந்து வரவழைப்பது, எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறை வாசலில் காத்திருப்பது, 'டீட்டெய்ன்' பட்டியல் என்று போகும். பட்டியலில் பெயர் வந்தால் நண்பர்கள் அடுத்த வருடத்துக்குப் போவார்கள், நீங்கள் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்த வரை மாணவர்கள் அதிகம் உடைந்துபோவது அந்த வாரத்தில்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் மனநல ஓ.பி. நடப்பது காலையில். வகுப்பும் வார்டும் நடப்பதும் அதே நேரத்தில். ஆக, உதவி தேடிப் போகிற மாணவருக்கு ஒவ்வொரு முறையும் அட்டெண்டன்ஸ் குறையும், அது இன்னொரு பயமாக மாறும். நூறு அடி தூரத்தில் சைக்யாட்ரி துறையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை போக முடியாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். மாலையில் வாரம் இரண்டு நாள், மாணவர்களுக்கு மட்டும், ஓ.பி. சீட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். செலவே கிடையாது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், திட்டுவதும் அவமானப்படுத்துவதும் கற்பித்தலில் ஒரு பகுதிதானே? "நாங்க எல்லாம் அப்படித்தான் படிச்சோம்" என்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

இரண்டாம் வருட பார்மகாலஜி வைவா. கேட்ட மருந்தின் பெயர் எனக்குத் தெரியும், உச்சரிப்பு வரவில்லை. எதிரே இருந்தவர் "எந்த ஊர்? எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "இவங்கள்லாம் ஊசி போட்டா பேஷண்ட் கதி என்ன?" என்றார். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் எனக்கு வாய் திறக்கவில்லை. தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். ஆனால் அடுத்த ஒரு வருடம் எந்த ஆசிரியரிடமும் எழுந்து சந்தேகம் கேட்டதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கத்தை அந்த ஐந்து நிமிடம் என்னிடமிருந்து எடுத்துவிட்டது. ஒரு டாக்டருக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் அது நோயாளிக்கு ஆபத்து. சந்தேகத்தோடு மருந்தளவை எழுதிவிட்டு, சீனியரை எழுப்பிக் கேட்கப் பயந்து விடிய விடியத் தவித்த இரவுகள் எனக்கு உண்டு.

"நாங்களும் அப்படித்தான் படிச்சோம்" என்பது உண்மைதான். அப்படிப் படித்ததில் தூக்கம் கெட்டவர்கள், குடியில் விழுந்தவர்கள், பாதியில் காணாமல் போனவர்கள் கணக்கில் வருவதில்லை. தாங்கி வந்தவர்கள் மட்டும்தான் இன்று பேராசிரியர் நாற்காலியில் இருந்து பேசுகிறார்கள்.

இது ஒரு சிலரின் கோபக் குணத்தால் மட்டும் வருவதாக நான் நினைக்கவில்லை. திட்டுகிறவர் கையிலேயே இன்டர்னல் மார்க்கும் இருக்கிறது. தியரி, பிராக்டிக்கல் தனித்தனியே 40 சதவீதமும் இரண்டும் சேர்த்து 50 சதவீதமும் இன்டர்னலில் வந்தாக வேண்டும் எனும்போது, எந்த மாணவரும் அவரைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டார். வைவாவில் என்ன கேட்டார்கள், எதற்கு எவ்வளவு போட்டார்கள் என்ற பதிவு எதுவும் இருக்காது. பதிவில்லாத அதிகாரம் யார் கையில் இருந்தாலும் கெட்டுத்தான் போகும்.

இதற்கு மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. ஓஸ்பி (OSPE) என்ற செய்முறைத் தேர்வுமுறையில் எல்லோருக்கும் ஒரே கேள்வி அட்டை, ஒரே சரிபார்ப்புப் பட்டியல். பி.பி. பார்க்கும்போது மாணவர் கைப்பட்டையைச் சரியான இடத்தில் கட்டினாரா, நாடியைத் தொட்டுப் பார்த்தாரா என்று ஒவ்வொன்றாக டிக் செய்து மார்க் போட வேண்டும். 'எந்த ஸ்கூல்' என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

ராகிங் இப்போது இல்லைதானே?

குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1997-ன் ராகிங் தடைச் சட்டம். குற்றம் நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009-ல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் வந்தன, மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தனியாக என்.எம்.சி. 2021-ல் விதிகள் கொண்டுவந்தது.

இப்போது நடப்பது வேறு வடிவத்தில். சீனியரின் ரெக்கார்டை எழுதிக் கொடுப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு பரோட்டா வாங்கி வரச் சொல்வது, வாட்ஸ்அப் குழுவில் வைத்துத் திட்டுவது. "நாளைக்கு வார்டுல நாங்கதான் சொல்லித் தரணும்" என்ற ஒரு வாக்கியம் போதும், ஜூனியர் அடங்கிவிடுவார். புகார் சொல்ல 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பெற்றோரும் அழைக்கலாம்.

ஹாஸ்டல்?

தண்ணீர், கழிவறை, மெஸ் சாப்பாடு. அழுத்தம் என்றால் யாரும் இவற்றை நினைப்பதில்லை, ஆனால் தினமும் காலை ஆறு மணிக்குக் குளியலறை வரிசையில் நின்று எட்டு மணி வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைக்கு அந்த நாள் எப்படித் தொடங்கும்? பெண்கள் விடுதிகளில் மாலை கேட் மூடும் நேரம் தனி வருத்தம். ஆண் மாணவர்கள் ஒன்பது மணிக்கு மேலும் நூலகத்தில் இருக்கலாம், பெண்கள் முடியாது என்ற நிலை பல இடங்களில் உண்டு. தேர்வு இருவருக்கும் ஒன்றுதான்.

சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கடைசி வருட மருத்துவமனைப் பயிற்சி வந்துவிட்டால் அழுத்தம் தீர்ந்துவிடுமா? அதுதான் தேர்வே இல்லாத வருடமாயிற்றே?

தேர்வு இல்லை, தூக்கமும் இல்லை. ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு அட்மிஷன் நாள் இருக்கும். அன்று காலை தொடங்கினால் இரவு முழுக்க நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். மறுநாள் காலை சீஃப் ரவுண்ட்ஸ், அவருக்கு முன்னால் எல்லா கேஸ் ஷீட்டும் தயாராக இருக்க வேண்டும். வெளியே வரும்போது முப்பது மணி நேரம் தாண்டியிருக்கும்.

அந்த நேரம் முழுக்க வைத்தியம் கற்றுக்கொண்டிருந்தால்கூட மனம் ஆறும். ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லையென்றால் தானே தள்ளுவது. ஊழியர் பற்றாக்குறை முழுவதும் கடைசிப் படியில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன் தலையில் வந்து விழுகிறது. நோயாளியின் உறவினர் கோபப்பட்டால் முதல் திட்டும் அவருக்குத்தான்.

விதி இல்லாமல் இல்லை. பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர் பணி நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் பொதுவாகத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே உத்தரவு போட்டது. 2024 பணிக்குழு அறிக்கை கொஞ்சம் இறங்கி வந்து வாரத்துக்கு 74 மணி நேரம் என்று பரிந்துரைத்தது. ஒரு நாள் 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்து பத்து மணி நேரம், ஒரு நாள் விடுமுறை. இதையாவது எழுதி வார்டு சுவரில் ஒட்டினால், போஸ்ட் டூட்டி அன்று வீட்டுக்குப் போகிற பி.ஜி. மாணவர் குற்றவாளி போல முகத்தை வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்காது.

ஓய்வறை பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பாலியல் வன்முறை செய்து கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், நீண்ட டூட்டிக்கு நடுவே செமினார் ஹாலில் படுத்திருந்தவர். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் மாணவிகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், நம்ம டூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் எப்ப போடுவாங்க?"

படிப்பை முடிக்கும் முன்பே பி.ஜி. கவலை ஏன்?

எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவர்களைவிட பி.ஜி. இடங்கள் குறைவு, அதனால் மூன்றாம் வருடத்திலேயே கோச்சிங் வந்துவிடுகிறது. வார்டில் நோயாளியைப் பார்க்க வேண்டிய பிள்ளை பின்னால் உட்கார்ந்து போனில் கேள்வி போட்டுப் பார்க்கும்.

போட்டியைக்கூடத் தாங்கிவிடலாம். நிச்சயமின்மையைத் தாங்குவது கஷ்டம். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வுக்கும் பி.ஜி. நுழைவுக்கும் சேர்த்து நெக்ஸ்ட் என்ற புதுத் தேர்வு 2019 பேட்சுக்கு வருகிறது என்றார்கள், 2023 ஜூலையில் மாதிரித் தேர்வுக்கும் தேதி குறித்தார்கள், அதே மாதம் தள்ளி வைத்தார்கள். 2024-ல் நீட் பி.ஜி. ஜூன் 23 அன்று நடக்க வேண்டும். முந்தின நாள் இரவு ஒத்திவைத்ததாக அறிவிப்பு வந்தது. வெளியூர் மையம் கிடைத்து ரயிலேறிப் போய் லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் அங்கிருந்தே திரும்பினார்கள். தேர்வு ஆகஸ்ட் 11 அன்று நடந்தது. இடையில் அந்த ஏழு வாரம், வேலைக்கும் போக முடியாமல் புத்தகத்தையும் மூட முடியாமல் இருந்தவர்களில் என் மாணவர்களும் இருந்தார்கள்.

புதுக் கல்லூரிகளில் நிலைமை மேலா?

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. விருதுநகர், ராமநாதபுரம், நீலகிரி, கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களுக்கு அது பெரிய வரம். கட்டடம் புதிது, பழைய சீனியர் கெடுபிடி கிடையாது. ஆனால் ஆசிரியர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் துறையில் மாணவர் யாரைப் போய்க் கேட்பார்? எதுவும் பழக்கத்துக்கு வராத இடத்தில், முதலில் சேர்ந்தவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள மேல் பேட்ச் இல்லாததும் ஒரு சுமையாக இருந்தது.

யோகா வகுப்பு, கவுன்சலர் எல்லாம் வைத்திருக்கிறார்களே, போதாதா?

யோகா நல்லது, கவுன்சலர் அவசியம். தமிழ்நாடு அரசு 2022-ல் மருத்துவக் கல்லூரிகளுக்காகத் தொடங்கிய 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றத் திட்டத்தையும் நான் வரவேற்கிறேன். ஆனால் முப்பது மணி நேர டூட்டி முடித்தவரை மாலை யோகாவுக்குக் கட்டாயம் வரச் சொல்லி, அதற்கும் அட்டெண்டன்ஸ் எடுத்தால் என்ன பிரயோஜனம்? முதலில் தூங்க விட வேண்டும்.

இன்னொன்று, மாணவருக்கு இன்டர்னல் போடுகிற ஆசிரியரையே அவருக்கு மென்டராகப் போடக் கூடாது. "ஏதாவது கஷ்டமா, சொல்லு" என்று நான் கேட்டால் என் மாணவர் என்னிடம் சொல்ல மாட்டார். அவர் சொல்லாததில் தவறும் இல்லை.

மனநல டாக்டரைப் பார்த்தால் ரெக்கார்டில் ஏறிவிடுமா? நாளைக்குப் பதிவு, வேலை எல்லாம் பாதிக்குமா?

இந்தப் பயம்தான் பலரையும் தடுக்கிறது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-ம் பிரிவு சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கும் உரிமையைத் தெளிவாகத் தருகிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை டீன் அலுவலகத்துக்கு டாக்டர் சொல்லக் கூடாது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டார் என்பதற்காக யாருக்கும் எம்.பி.பி.எஸ். பட்டமோ மருத்துவக் கவுன்சில் பதிவோ நின்றுபோவதில்லை.

சொந்தக் கல்லூரியில் போகக் கூச்சமாக இருந்தால் வேறு ஊரில் பாருங்கள். போனில் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. 'செத்துப் போயிடலாம்' என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பேசுங்கள். ரூம்மேட் அப்படிச் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள்.

பெற்றோராக நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

போன் செய்தவுடன் மார்க் கேட்காதீர்கள். தூங்கினாயா, சாப்பிட்டாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் நிறையத் தெரியும். "முடியலப்பா" என்று பிள்ளை சொன்னால், "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படிச் சொல்றியே" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அதை மட்டும் விழுங்கிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாருங்கள். இரண்டு நாள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அட்டெண்டன்ஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் கட்டிச் சேர்த்திருந்தால், அந்தக் கணக்கைப் பிள்ளையின் காதுபட வீட்டில் பேச வேண்டாம்.

படிப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது...

தூக்கமில்லாத வாரத்திலும், ஃபெயில் ஆன வாரத்திலும் அந்த முடிவை எடுக்காதீர்கள். சிகிச்சை எடுத்து, சில மாதம் கழித்தும் இது எனக்கானது இல்லை என்று தோன்றினால் விடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. பி.ஜி.யில் இடத்தை விட்டால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்ற பாண்ட் விதி பலரை மூச்சு முட்டக் கட்டிப் போட்டிருந்தது. மாணவர்களின் மனநலத்தைக் காரணம் காட்டி, அதைக் கைவிடும்படி 2024 ஜனவரியில் என்.எம்.சி.யே மாநிலங்களுக்கு எழுதியது. உங்கள் மாநிலத்தின் இப்போதைய விதி என்ன என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சரி, நீங்கள் ஆசிரியர்தானே. உங்கள் துறையில் என்ன மாற்றினீர்கள்?

நியாயமான கேள்வி. பெரிதாக ஒன்றுமில்லை. வருடம் தொடங்கும்போதே மூன்று இன்டர்னல் தேதியையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம், மாற்றுவதில்லை. மாதாமாதம் முதல் வாரத்தில் அட்டெண்டன்ஸ் கணக்கு போகும், தேர்வுக்கு முந்தின வாரம் வரை காத்திருப்பதில்லை. மதிப்பெண்ணைப் பெயரோடு ஒட்டுவதை நிறுத்திவிட்டோம், ஒவ்வொருவருக்கும் விடைத்தாளோடு தனியாகக் கொடுக்கிறோம். முதல் இன்டர்னலுக்கு மறுநாள் வகுப்பில் நான் முதலாண்டில் வாங்கிய மார்க்கைச் சொல்வேன். பிசியாலஜியில் நூற்றுக்கு முப்பத்தொன்று.

இரண்டு வருடம் முன்னால் அதைச் சொன்ன அன்று மாலை ஒரு மாணவர் விடைத்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். "சார், எனக்கு இருபத்தெட்டு. எங்க தப்புப் பண்ணினேன்னு பார்க்கலாமா?" என்றார். ஏழு மணி வரை உட்கார்ந்து பார்த்தோம்.